பழைய விபி6 ஏலக் கணக்கு புரோகிராம்: 64 பிட்டுக்குத் திருப்பி எழுதணுமா, அப்படியே ஓட்டலாமா?

கடைக்கணக்கு_மண்டபம்:

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் பக்கம் மண்டபம்ங்குற ஊர்ல எங்களுக்கு மீன் கமிஷன் கடை. 2004ல எங்க மாமா எழுதிக் குடுத்த புரோகிராம்ல தான் இன்னைக்கு வரைக்கும் கணக்கு ஓடுது. விபி6, அதாவது விஷுவல் பேசிக் 6ல எழுதுனது, டேட்டா அம்புட்டும் மைக்ரோசாஃப்ட் அக்சஸோட எம்டிபிங்குற டேட்டாபேஸ் ஃபைல்ல இருக்கு. மாமா தவறி மூணு வருஷம் ஆச்சு, அவுங்க இருந்த வரைக்கும் எதுன்னாலும் ஒரு போன் போட்டா சரி பண்ணிக் குடுத்துருவாங்க, இப்ப கேக்க ஆள் இல்ல.

என்ன வேலை செய்யுதுன்னு சொல்லிர்றேன். எலக்ட்ரானிக் தராசுல இருந்து சீரியல் கேபிள் வழியா எடை நேரா திரைக்கு வந்துரும், படகு நம்பரும் மீன் வகையும் தட்டிட்டு ஏல ரேட்ட மட்டும் நாங்க அடிச்சா போதும், பில்லு தமிழ்ல டாட் மேட்ரிக்ஸ்ல மூணு காப்பி வரும். பெறகு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், முன்பணம் எல்லாத்தையும் கழிச்சு படகு ஓனருக்கு எம்புட்டு, ஆளுகளுக்குப் பங்கு எம்புட்டுன்னு அதுவே பிரிச்சுக் குடுத்துரும். விசைப்படகு வாரத்துல மூணு நாள் தான் கடலுக்குப் போகுது, மறுநாள் காலையில எல்லாப் படகும் ஒண்ணா வந்து சேரும்போது ரெண்டு மூணு மணி நேரத்துல நூறு பில்லுக்கு மேல போடணும், அந்த நேரத்துல புரோகிராம் நின்னா மீன் வெயில்ல கெடக்கும்.

இப்ப பிரச்சனை என்னன்னா கம்ப்யூட்டர். கடை கடலுக்கு நூறடி தூரத்துல இருக்கு, உப்புக்காத்துல ரெண்டு மதர்போர்டு போயிருச்சு, இப்ப இருக்குற விண்டோஸ் 7 மெஷினும் காலையில மூணு தடவ ஆன் பண்ணா தான் எந்திரிக்குது, தொறந்து பாத்தா சீரியல் போர்ட் பின் எல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. புதுசு வாங்கிட்டோம், விண்டோஸ் 11. அதுல மாமா குடுத்த சிடி போட்டு செட்டப்ப தட்டுனா இந்த ஆப் உங்க பிசியில ஓடாதுன்னு ஒரே வரியில சொல்லிருது.

மதுரையில ஒருத்தர்கிட்ட கேட்டோம். 32 பிட்டு காலம் முடிஞ்சுபோச்சு, இனிமே எல்லாமே 64 பிட்டு, மொத்தத்தையும் புதுசா எழுதணும், கிளவுடுல போட்டுரலாம், எட்டு மாசம் ஆகும்னு சொல்றாரு. அப்பா அந்தத் தொகையக் கேட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. சித்தப்பா மகன் என்னடான்னா ஸ்நாப்டிராகன் லேப்டாப் வாங்குனா கரண்ட் இல்லாட்டியும் நாள் பூரா நிக்கும்ங்குறான்.

நான் பிகாம் படிச்சவன், புரோகிராம் ஓரளவு படிச்சா புரியும், எழுதத் தெரியாது. நெசமாவே 32 பிட்டு புரோகிராம் 64 பிட்டுல ஓடாதா? எழுதித்தான் ஆகணும்னா ஏப்ரல் 15ல தடைக்காலம் ஆரம்பிக்குது, அந்த 61 நாள் தான் எங்களுக்கு மூச்சு விட நேரம், அதுக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு. என்ன செய்யலாம்னு சொல்லுங்க, தயவுசெஞ்சு.


தொண்டி_சிஸ்டம்_சர்வீஸ்:

தம்பி, முதல்ல பயப்படாதீங்க. 32 பிட்டு, 64 பிட்டுங்கறது புரோகிராம் ஒரே மூச்சுல கையாளுற எண்ணோட அளவு தான். 32 பிட்டு புரோகிராம் 64 பிட் விண்டோஸ்ல ஓடாதுங்கறது தப்பு. அதுக்குன்னே விண்டோஸ்க்குள்ள வாவ்64னு ஒரு அடுக்கு இருக்கு, விண்டோஸ் 11லயும் இருக்கு, விபி6 புரோகிராம் ஓடத் தேவையான ரன்டைமும் விண்டோஸ் கூடவே தான் வருது, அத ஓட விடுவோம்னு மைக்ரோசாஃப்டே எழுத்துல குடுத்துருக்கு. ஓடவே ஓடாதது 16 பிட்டு. 90கள்ல வந்த செட்டப் பலதுல உள்ள இருக்குற புரோகிராம் 32 பிட்டா இருக்கும், செட்டப்போட துவக்கம் மட்டும் 16 பிட்டா இருக்கும், உங்க மாமா ஏதோ பழைய இன்ஸ்டாலர வச்சு சிடி போட்டுருப்பாரு, உங்களுக்கு வர்ற அந்த மெசேஜ் அதோட மெசேஜ் மாதிரி தான் தெரியுது. அதனால சிடிய விட்ருங்க. பழைய மெஷின்ல இருந்து அந்த ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணி புது மெஷின்ல வைங்க.

வைக்கும்போது புரோகிராம் ஃபைல்ஸ்க்குள்ள வைக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். இங்க ஒரு ஐஸ் கம்பெனியில நான் பட்ட பாடு சொல்றேன். பழைய புரோகிராம் தன்னோட டேட்டா ஃபைல தன் ஃபோல்டர்லயே எழுதப் பாக்கும், விண்டோஸ் விஸ்டாவுக்குப் பெறகு அங்க சாதா யூசர் எழுத முடியாது, ஆனா புரோகிராம் எரர் காட்டக் கூடாதுன்னு விண்டோஸ் நைசா அந்த ஃபைல யூசரோட விர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டர்ல ஒரு காப்பி போட்டு அதுல எழுத வச்சுரும். பகல்ல ஒருத்தர் ஒரு யூசர்ல, ராத்திரி வேற ஒருத்தர் வேற யூசர்ல, ரெண்டு பேருக்கும் ரெண்டு கணக்கு, ஒருத்தர் போட்ட எண்ட்ரி இன்னொருத்தருக்குத் தெரியாது. ஐஸ் பார் கணக்கு பதினெட்டு நாள் ஒத்து வரல, ராத்திரி ஆள் மேல சந்தேகப்பட்டு அவர வேலைய விட்டே நிப்பாட்டப் போனாங்க. நான் போயி அந்த ஃபோல்டரத் தொறந்து காட்டுனதுக்கு அப்புறம் தான் அந்த மனுஷன் கண்ணத் தொடச்சாரு. அதனால சி டிரைவ்ல தனியா ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வைங்க, எழுதுற உரிமை எல்லா யூசருக்கும் குடுங்க.

அடுத்தது ஓசிஎக்ஸ், அதாவது புரோகிராமுக்குத் தேவையான துணை ஃபைல். எடைத் தராசுக்கு எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ் கண்டிப்பா இருக்கும், கணக்கக் கட்டம் கட்டமா காட்டுற கிரிடு ஒண்ணு ரெண்டு இருக்கும். அதெல்லாம் பழைய மெஷினோட சிஸ்டம்32 ஃபோல்டர்ல இருக்கும், புது மெஷின்ல போடும்போது சிஸ்வாவ்64 ஃபோல்டர்ல போடணும். பேரு தலைகீழா இருக்கும், கொழம்பிறாதீங்க, 64 பிட் விண்டோஸ்ல சிஸ்டம்32ல தான் 64 பிட் ஃபைல் இருக்கு, சிஸ்வாவ்64ல தான் 32 பிட் ஃபைல் இருக்கு. ரெஜிஸ்டர் பண்றதும் சிஸ்வாவ்64ல இருக்குற ரெக்எஸ்விஆர்32ங்குற புரோகிராம வச்சு, அட்மின்ல ஓப்பன் பண்ணி. டேட்டாபேஸோட பேசுறதுக்கு ஓடிபிசி வச்சுருந்தா அதுக்கும் இதே கதை, கண்ட்ரோல் பேனல்ல 32 பிட்டுன்னு இருக்குறத எடுக்கணும்.

சீரியல் போர்ட் புது மெஷின்ல இருக்காது. யுஎஸ்பி டு சீரியல் கேபிள் வாங்கும்போது பழைய பிஎல்2303 சிப்பு வச்சத வாங்கிறாதீங்க, அதோட பழைய மாடலுக்கு புது விண்டோஸ்ல டிரைவர் வேலை செய்யாது, டிவைஸ் மேனேஜர்ல மஞ்சக் குறி போட்டு நிக்கும், இங்க கடையில இன்னும் அத தான் விக்கிறாங்க. எஃப்டிடிஐ சிப்பு வச்சது கொஞ்சம் வெல கூட, ஆனா நிக்கும். மாட்டுனதுக்கு அப்புறம் காம் நம்பர பழைய மெஷின்ல என்ன இருந்துச்சோ அதே நம்பரா மாத்தி விடுங்க, அந்தக் காலத்துப் புரோகிராம்ல காம்1னு கோடுக்குள்ளயே எழுதியிருப்பாங்க. பிரிண்டர் பத்தி ஒண்ணு, பில்லு தமிழ்ல வருதுன்னு சொன்னீங்க, அப்ப அது எல்பிடிங்குற பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு நேரா எழுதல, விண்டோஸ் டிரைவர் வழியா தான் போகுது, அதனால யுஎஸ்பி பேரலல் கேபிள்லயும் வந்துரும், அந்தக் கவலை உங்களுக்கு இல்ல.

ஸ்நாப்டிராகன் இந்த வேலைக்கு வேணாம். அது ஆர்ம் புராசசர், விண்டோஸ் 11 அதுல 32 பிட் புரோகிராம எமுலேஷன்ல, அதாவது வேற புராசசர் மாதிரி நடிச்சு, ஓட்டிரும், ஓட்டாதுன்னு சொல்லல, ஆனா டிரைவர் எமுலேஷன்ல ஓடாது, ஒவ்வொரு கேபிளுக்கும் ஆர்ம்64 டிரைவர் வேணும், தராசுக் கேபிளுக்கு அது இருக்கான்னு தேடிக்கிட்டு அலையணும்.


கடைக்கணக்கு_மண்டபம்:

அண்ணே ரொம்ப நன்றி, இம்புட்டு பொறுமையா யாரும் சொல்லல. விர்ச்சுவல்ஸ்டோர் படிச்சதும் எனக்கு பகீர்னுச்சு, எங்க கடையிலயும் ரெண்டு யூசர் தான். ஞாயித்துக்கிழமை ஏலம் முடிஞ்சதும் பழைய மெஷின அப்படியே காப்பி எடுத்துட்டு முயற்சி பண்றேன். அப்ப எழுதவே வேண்டாமா? மதுரைக்காரர் சொன்னது அம்புட்டும் பொய்யா?


கீழக்கரை_காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கீழக்கரை, எங்க ஊர்ல காக்கான்னா அண்ணன், இருவத்திரெண்டு வருஷமா வளைகுடாவுல சாஃப்ட்வேர் வேலை, அதுல பாதி வருஷம் பழச புதுசாக்குற வேலை தான். தொண்டி தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனா நீங்க ரெண்டு கேள்விய ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிட்டு இருக்கீங்க. 64 பிட்டுக்கு மாத்தணுமாங்கறது ஒரு கேள்வி. இந்தப் புரோகிராம இன்னும் பத்து வருஷம் யார் பாத்துக்கப் போறாங்கங்கறது வேற கேள்வி.

முதல் கேள்விக்கு மாத்த வேண்டியதில்ல. 64 பிட்டு எதுக்கு? ஒரு புரோகிராமுக்கு ரெண்டு ஜிபிக்கு மேல மெமரி வேணும்னா, 64 பிட்டுக்குள்ள தான் உக்காருவேன்னு சொல்ற வேற ஏதாவது கூட சேரணும்னா வேணும். உங்க புரோகிராம் முப்பது எம்பி எடுத்தா பெருசு. இன்னொன்னும் சொல்றேன், யாரும் இத முன்கூட்டி சொல்ல மாட்டாங்க, 64 பிட்டா கம்பைல் பண்ண, அதாவது எழுதுன கோட ஓடுற ஃபைலா மாத்துன, அன்னைக்கு தான் உங்க டேட்டா தொறக்காமப் போகும். எம்டிபி ஃபைல தொறக்குற ஜெட் 4.0 இன்னும் விண்டோஸ் கூட வருது, ஆனா 32 பிட்டு மட்டும் தான், 64 பிட்டு ஜெட்டுன்னு ஒண்ணு வந்ததே இல்ல. தராசுக்கு இருக்குற ஓசிஎக்ஸும் 64 பிட் புராசஸ்க்குள்ள நுழையாது. விண்டோஸோட உள் வசதியக் கூப்பிடுற எடத்துல (ஏபிஐ) எல்லாம் மெமரி முகவரிய, அதாவது பாயிண்டர, நாலு பைட்டு லாங்ல வாங்கியிருந்தா எட்டு பைட்டு நாலு பைட்டா வெட்டுப்பட்டு எப்பவாச்சும் ஒரு நாள் தான் விழும், கண்டுபிடிக்கவே நாளாகும். ஓடுற ஒண்ண இம்புட்டையும் இழுத்துப் போட்டு 64ங்கற நம்பருக்காக மட்டும் மாத்துனா கைக்கு ஒண்ணும் வராது.

ரெண்டாவது கேள்வி தான் உங்க கேள்வி. விபி6 வந்தது 1998ல, அத எழுதுற டூலுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008 ஏப்ரலோட முடிஞ்சுருச்சு. ஓட்டுறதுக்குத் தான் உத்தரவாதம், எழுதுறதுக்கு இல்ல. நாளைக்கு கமிஷன் கணக்கு மாறுனா, பில்லுல ஒரு வரி கூட்டணும்னா யார் செய்வாங்க? அதனால நீங்க முதல்ல பாக்க வேண்டியது மாமா சிடியில சோர்ஸ், அதாவது அவரு எழுதுன மூலக் கோடு, இருக்கா, இருந்தா அது கம்பைல் ஆகுதா, ஆகி வர்ற எக்ஸி, அதாவது ஓடுற ஃபைல், இப்ப கடையில ஓடுற எக்ஸி மாதிரியே வேலை செய்யுதா. இது மூணுக்கும் ஆமான்னா அஞ்சு வருஷத்துக்குத் தூங்கலாம். ஒண்ணுக்கு இல்லைன்னாலும் எழுதத் தான் வேணும், ஆனா அவசரமா இல்ல.

எழுதுறதுல எங்க அடிபடும்னு என் அனுபவத்துல இருந்து சொல்றேன். இங்க ஒரு கோடவுன் பில்லிங், விபி6ல இருந்தத நாங்க மாத்தி எழுதுனோம், கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி, ரெண்டாவது மாசம் ஒரு பார்ட்டி பழைய பில்லையும் புதுப் பில்லையும் பக்கத்துல வச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு, அங்கங்க ஒரு ரூபா வித்தியாசம். நாலு நாள் தேடுனோம். விபி6ல ரவுண்டுன்னு போட்டா 112.50 வந்து 112 ஆகும், 113.50 வந்து 114 ஆகும், சரிபாதின்னா பக்கத்துல இருக்குற ரெட்டப்படை எண்ணுக்குப் போகும். அதே விபி6ல ஃபார்மட் வச்சு வெட்டுனா 112.50 வந்து 113 ஆகும். நாங்க புதுசுல அந்தக் கணக்க டேட்டாபேஸ்க்குள்ள கொண்டு போயிட்டோம், எஸ்க்யூஎல் சர்வர் ரவுண்டு அரையத் தூக்கி மேல போடும். கோட எழுதுன எனக்கு அப்படி ஒரு வித்தியாசம் இருக்குன்னே அன்னைக்குத் தெரியாது. உங்க கடையில ஆள் பங்குல ஒரு ரூபா கொறஞ்சா என்ன பேச்சு வரும்னு உங்களுக்குத் தெரியும்.

தமிழ் எழுத்து இன்னொரு பெரிய வேலை. 2004ல விபி6ல எழுதுனதுன்னா இப்ப எல்லாரும் வச்சுருக்குற யூனிகோடு இருக்க வாய்ப்பே இல்ல, தாம், தாப்னு ரெண்டு பழைய எழுத்துரு முறை உண்டு, அதுல ஒண்ணுல தான் போட்டுருப்பாரு, 1999ல நம்ம அரசாங்கம் தரம்னு அறிவிச்சது அத தான், 2010ல தான் யூனிகோடுக்கு மாறுச்சு. அந்த ஃபாண்டு புது மெஷின்ல இருந்தா திரையில தமிழ் தெரியும், ஆனா டேட்டாவுக்குள்ள இருக்குறது தமிழ் இல்ல, படம் வரையிற வரிசை. கொடுவான்னு ஒரு மீன் பேரு இருந்தா அதுல முதல்ல கொம்பு, பெறகு க, பெறகு காலுன்னு மூணு துண்டா இருக்கும். யூனிகோடுல கவுக்குப் பின்னாடி ஒ குறி ஒண்ணே ஒண்ணு. அதனால ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்துன்னு மாத்த முடியாது, வரிசையத் திருப்பிப் போட்டு மாத்தணும். இன்னொரு எச்சரிக்கை, விண்டோஸ் 11ல ரீஜன் செட்டிங்ல யுடிஎஃப்8ன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, தமிழ் நல்லா வரும்னு யாராச்சும் சொல்லி அத டிக் பண்ணிறாதீங்க, பழைய எழுத்தெல்லாம் ஒரே நாள்ல உடஞ்சு போகும்.

மொத்தமா ஒரே மூச்சுல எழுதிப் போடுறதுல எனக்கு நம்பிக்கையே இல்ல. இன்டர்நெட் பிரவுசர் எழுதுன நெட்ஸ்கேப்பு எவ்வளவு பெரிய கம்பெனி, 4ம் வெர்ஷன் 1997ல வந்துச்சு, கோடத் திருப்பி எழுதுறோம்னு ஒக்காந்து 5 வரவே இல்ல, 6 வந்தது 2000 நவம்பர்ல, அதுக்குள்ள ஆளுக எல்லாம் மைக்ரோசாஃப்டோட எக்ஸ்புளோரருக்குப் போயாச்சு. அவுங்களுக்கே அந்த நெலம.


பாம்பன்_படகு:

நான் கம்ப்யூட்டர்காரன் இல்ல, பாம்பன்ல ஒரு விசைப்படகு வச்சுருக்கேன், மகன் காட்டுனான்னு படிச்சேன். பில்லு வாங்குற பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லிக்கிறேன் தம்பி. எங்க ஏலக்கடையில போன வருஷம் புது மெஷின் வச்சு சின்னச் சுருள் பேப்பர்ல பில்லு குடுத்தாங்க. ஈரக் கையில வாங்கி சட்டப் பையில வச்சா சாயங்காலம் வெத்துப் பேப்பரா இருக்கு. முன்னாடி கார்பன் காப்பி வரும், அந்த மஞ்சத் தாள ஆணியில குத்தி வச்சுருப்போம், தடைக்காலத்துல உக்காந்து வருஷக் கணக்கு பாக்குறப்போ அது தான் எங்க கையில இருக்குற ஆதாரம். வரி வரிசையும் மாறிப்போச்சு, முன்னாடி இறால் முதல்ல, நண்டு, கணவாய், கடைசியில சங்காயம்னு கழிசல் மீனு வரும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஆளும் எத்தனாவது வரின்னு பாத்து இது சங்காயம்னு சொல்லிருவான். இப்ப எடை வந்த வரிசையில வருது, ஒவ்வொரு பில்லுக்கும் ஒருத்தனக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கு. நீங்க உள்ள என்ன வேணாலும் மாத்துங்க, எங்க கைக்கு வர்ற தாள மாத்தாதீங்க.


கடைக்கணக்கு_மண்டபம்:

ஒரு வாரம் ஆயிருச்சு, மன்னிச்சுக்கிருங்க, நடந்தத எழுதுறேன்.

தொண்டி அண்ணே சொன்ன மாதிரி ஃபோல்டர காப்பி பண்ணி தனியா வச்சேன். முதல்ல எம்எஸ்காம்32 இல்லன்னு சொல்லுச்சு, சிஸ்வாவ்64ல போட்டு ரெஜிஸ்டர் பண்ணேன், பெறகு கிரிடு ஓசிஎக்ஸ் கேட்டுச்சு, அதையும் போட்டேன், மூணாவது தடவ தட்டுனப்போ மாமா போட்ட அந்த நீலத் திரை வந்துச்சு. மேல படகுப் படம், கீழ கடை பேரு. அப்பா பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் பேசல, தோள்ல கைய வச்சுட்டு வெளிய போயிட்டாங்க. ராமநாதபுரத்துல எஃப்டிடிஐ கேபிள் கெடைக்கல, மதுரையில இருந்து வரவச்சு காம்1 ஆக்குனேன், எடை வருது. பில்லும் தமிழ்ல வருது. செவ்வாக்கிழமை காலையில புது மெஷின்ல தான் பில்லு போட்டோம், நூத்திப் பதினாலு பில்லு, எங்கயும் நிக்கல. விர்ச்சுவல்ஸ்டோரும் பழைய மெஷின்ல தேடிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல, நிம்மதி.

ஆனா கீழக்கரை காக்கா கேட்ட மூணு கேள்வியில தான் மாட்டிக்கிட்டேன். சிடியில சோர்ஸ் இருக்கு. கூட படிச்சவன் ஒருத்தன் விபி6 வச்சுருந்தான், அவன வச்சு கம்பைல் பண்ணேன், ஆயிருச்சு. ஆனா அதுல வர்ற பில்லும் கடையில வர்ற பில்லும் ஒத்து வரல. பாத்தா சோர்ஸ் 2008 தேதி, கடையில ஓடுற எக்ஸி 2011 தேதி. நடுவுல மூணு வருஷம் மாமா செஞ்ச மாத்தம் எதுவும் சிடியில இல்ல. முக்கியமா பெட்டிக் கழிவு, அதாவது மீனோட சேந்து வர்ற பெட்டி எடையக் கழிக்கிறது, இல்ல. முன்னாடி பனைஓலைக் கூடையில எடை போடுவோம், எல்லாக் கூடைக்கும் ஒரே கழிவு, சோர்ஸ்ல அது மட்டும் தான் இருக்கு. பிளாஸ்டிக் பெட்டி வந்ததுக்கு அப்புறம் பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, இறாலுக்கு ஐஸோட எடை போட்டா தனின்னு மாமா உள்ள என்னவோ செஞ்சுருக்காங்க, எக்ஸி அதச் சரியா கழிக்குது, எப்படிக் கழிக்குதுன்னு கடையில யாருக்கும் தெரியல. மாமா வீட்டுல அத்தைகிட்ட கேட்டேன், அவுங்க பழைய கம்ப்யூட்டர் 2020லயே பழுதாகி எடைக்குப் போட்டுட்டாங்களாம். எக்ஸியில இருந்து சோர்ஸ எடுக்க முடியுமா காக்கா?


கீழக்கரை_காக்கா:

தம்பி, புதுத் திரையில மாமா படகுப் படம் வந்தத படிச்சு எனக்கும் மனசு நெறஞ்சுருச்சு.

எக்ஸியில இருந்து பழைய சோர்ஸ் கெடைக்காது. பி-கோடுங்குற இடைநிலை வடிவமா கம்பைல் பண்ணியிருந்தா ஏதோ பாதி தேறும், நேட்டிவ் கோடு, அதாவது நேரா மெஷின் மொழின்னா ஃபாரம் டிசைனத் தவிர ஒண்ணும் உருப்படியா வராது. அதுக்கு காசு வாங்குறேன்னு யாராச்சும் சொன்னா குடுக்காதீங்க. விபி6 சோர்ஸ அப்படியே எடுத்து 64 பிட்டுக்கும் கம்பைல் பண்ற ட்வின்பேசிக்னு ஒண்ணு இருக்கு, அத சொல்லலாம்னு இருந்தேன், உங்ககிட்ட இருக்குறது அரைகுறை சோர்ஸ்ங்கறதால அது இப்ப உதவாது.

அதனால என் பதில் இப்ப மாறுது, எழுதணும். 64 பிட்டுக்காக இல்ல, உங்க கடையோட கணக்கு முறை இன்னைக்கு யாராலயும் படிக்க முடியாத ஒரு ஃபைலுக்குள்ள மட்டும் தான் இருக்கு, அதுக்காக. அந்த ஃபைல் இன்னைக்கு ஓடுதுங்கறதால உங்களுக்கு அவகாசம் கெடச்சுருக்கு, அத வீணாக்காதீங்க. இன்னைக்கே அந்த ஃபோல்டர், ஓசிஎக்ஸ், ஃபாண்டு எல்லாத்தையும் ரெண்டு எடத்துல காப்பி எடுத்து வைங்க, ஒண்ணு கடல்ல இருந்து தள்ளி இருக்கணும்.

உங்ககிட்ட சோர்ஸ விடப் பெரிய சொத்து ஒண்ணு இருக்கு, இருவது வருஷ பில்லு எம்டிபியில இருக்கு. ஒவ்வொரு பில்லுலயும் தராசு எடை, பெட்டி எண்ணிக்கை, மீன் வகை, கழிவு, கடைசித் தொகை எல்லாம் இருக்கும்ல, புதுக் கோடுக்கு முன்பாதியக் குடுத்து பின்பாதி ஒத்து வருதான்னு பாக்கணும். 2011க்குப் பெறகு வந்த ஒவ்வொரு பில்லும் மாமா உங்களுக்கு எழுதி வச்சுட்டுப் போன பதில் தாள்னு நெனச்சுக்கிருங்க. ஒத்து வராத பில்ல மட்டும் தனியா எடுத்து அடுக்குனா எந்த மீனுக்கு, எந்தப் பெட்டிக்குன்னு விதி தானா வெளிய வரும். ரவுண்டுல எங்க எது போட்டுருக்காருன்னும் அதுலயே தெரிஞ்சுரும், எண்ண எப்படி வச்சுக்கணும்னு புதுக் கோடுல சொல்லும்போது காசுக் கணக்குக்கு டெசிமல் டைப் தான், டபுள் டைப் எங்கயும் வரக் கூடாது, விபி6 கரன்சி நாலு தசம எடம் வரைக்கும் துல்லியமா வச்சுக்கும், டபுள் வச்சுக்காது.

முதல்ல எடை, பில்லு ரெண்டு மட்டும் எழுதுங்க. சி ஷார்ப்போ விபி டாட்நெட்டோ, ராமநாதபுரத்துல ஒரு பையனக் கூப்பிட்டா வந்து பாக்குற மாதிரி ஒண்ணு. எம்டிபி கூட பேசுற வரைக்கும் 32 பிட்டாவே கம்பைல் பண்ணுங்க, எக்ஸ்86னு ஒரு செட்டிங் தான். டேட்டாவ வேற டேட்டாபேஸ்க்கு மாத்துன பெறகு 64 பிட்டுன்னு ஆக்குறது ஒரு நிமிஷ வேலை. பங்கு பிரிக்கிறத பழைய புரோகிராமே செய்யட்டும், அது கடைசியா. பாம்பன் அண்ணன் சொன்னத சுவத்துல எழுதி ஒட்டிக்கிருங்க, அதே மூணு காப்பி, அதே வரிசை.

தடைக்காலத்த எழுதுறதுக்கு வச்சுக்காதீங்க, ஓட்டிப் பாக்குறதுக்கு வச்சுக்கிருங்க. தடை விசைப்படகுக்குத் தானே, நாட்டுப்படகு மீன் வந்துக்கிட்டு தான இருக்கும், ஒரு நாளைக்கு பத்துப் பதினஞ்சு பில்லு வரும்ல, அத ரெண்டு மெஷின்லயும் போடுங்க. பழைய பில்லு தான் கைக்குப் போகணும், புதுசு உங்க மேசையில இருக்கணும். ஜூன் 14 வரைக்கும் ஒரு பில்லு கூட வித்தியாசம் வரலைன்னா படகு எறங்குற அன்னைக்கு மாத்துங்க. வந்துச்சுன்னா மாத்தாதீங்க, பழசு ஓடிக்கிட்டு தான் இருக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். கோட பாத்துத் தர்றதுக்கு நான் இருக்கேன், வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, தனி மெசேஜ்ல வாங்க.


தொண்டி_சிஸ்டம்_சர்வீஸ்:

காக்கா சொன்னதுல ஒண்ணே ஒண்ணு சேத்துக்கிர்றேன். புது மெஷின தரையில வைக்காதீங்க, கடல் பக்கத்து சன்னலுக்கு எதிர்லயும் வைக்காதீங்க. ஏலம் இல்லாத நாள்லயும் தினம் ஒரு மணி நேரமாச்சும் ஆன் பண்ணி வைங்க, உள்ள சூடு இருந்தா ஈரம் தங்காது, இந்தக் கரையில மெஷின் சாகுறது ஓடுறதுனால இல்ல, சும்மா கெடக்குறதுனால. தடைக்காலத்துல ரெண்டு மாசம் மூடிப் போட்டு வச்ச மெஷின் தான் ஜூன் மாசம் எங்கிட்ட அதிகமா வருது.


கடைக்கணக்கு_மண்டபம்:

காக்கா, அண்ணே, பாம்பன் அண்ணே, உங்க மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மதுரைக்காரருக்கு இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டோம். ஃபோல்டர் ஒரு காப்பி உச்சிப்புளியில அக்கா வீட்டுக்குப் போயிருச்சு.

நேத்து ராத்திரி எம்டிபியத் தொறந்து 2011க்குப் பெறகு வந்த இறால் பில்லு மட்டும் எக்செல்ல எடுத்தேன், எடையில இருந்து கழிவு எம்புட்டுன்னு பக்கத்துல ஒரு கட்டம் போட்டுப் பாத்தா, பெட்டி எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி தான் போகுது, ஆனா சில நாள்ல மட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் அரைக் கிலோ கூட கழிஞ்சுருக்கு. எனக்குப் புரியல. அப்பாகிட்ட அந்தத் தேதிகளக் காட்டுனேன், கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்துட்டு இது எல்லாம் சித்திரை வைகாசிடா, நாட்டுப்படகு இறாலு, வெயிலுக்கு ஐஸ் கூடப் போட்டு வருவாங்க, உங்க மாமாகிட்ட நான் தான் சொன்னேன்னாங்க. மாசத்த வச்சுத் தான் கழிச்சுருக்காங்க மாமா. இத ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சுருக்கேன், அப்பா சொல்லச் சொல்ல. அடுத்து நண்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த நோட்ட போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புறேன் காக்கா.